ஸ்டிர் பிளேட்டும் காணாமல் போன இரண்டு காந்தங்களும்

1.
போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்துச்சு. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரங்க, வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவங்க நடத்துற குழு. பழைய கம்ப்யூட்டர் ஃபேன், அதன் நடுவில் பசை போட்டு ஒட்டின ரெண்டு குட்டிக் காந்தம், மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா. "பத்து பவுண்டுல ஸ்டிர் பிளேட் ரெடி மக்களே!" என்று ஒரு வரி. கைதட்டல் குவிஞ்சுது.

2.
என் கண்ணு போனது படத்தோட ஓரத்துக்கு. மேஜை மேல மிச்சக் காந்தங்கள் சிதறிக் கிடந்துச்சு. ஒரு சாண் தள்ளி, மூக்கு வச்ச பிளாஸ்டிக் டம்ளர். அந்த வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு. நான் கேட்டது ஒரே கேள்வி: "மிச்சக் காந்தம் எத்தனைன்னு எண்ணி வச்சிருக்கீங்களா தம்பி?" வந்த பதில்: "டாக்டர் சார் ஆரம்பிச்சிட்டாரு." கூடவே நாலஞ்சு சிரிப்பு பொம்மை.

3.
சரி. ஆரம்பிச்சாச்சு, முழுசாவே சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமான இழை. பீர் வாசனையே பிடிக்காதவங்களும் படிங்க. ஏன்னா இந்தக் காந்தம் பீர் காய்ச்சாத வீட்லயும் இருக்கு.

4.
முதல்ல ஒண்ணு தெளிவா. குடிங்கன்னு நான் சொல்லல. மதுவில் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ல சட்டம் மாறுச்சு. சட்டம் அனுமதிக்கிற ஊர்ல இதைச் செய்றவங்ககிட்டதான் பேசுறேன்.

5.
இரண்டாவது. நான் வெளியில நின்னு கல் எறியல. சில வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே ஃபேனைக் கழட்டி, இதே காந்தத்தை ஒட்டி, இதே மாதிரி படம் போட்டு கைதட்டல் வாங்கினவன். குழந்தைகள் அவசரப் பிரிவுல வேலை பார்த்துக்கிட்டே இதைச் செஞ்சேன். அந்தக் கதை பின்னாடி வருது.

6.
ஸ்டார்ட்டர்னா என்ன? தயிருக்கு உறை ஊத்துறோம் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. பீரை பீர் ஆக்குறது ஈஸ்ட். 20 லிட்டர் மால்ட் சாறுல கொஞ்சூண்டு ஈஸ்ட்டைப் போட்டா அது திணறும். அதனால முதல் நாளே ஒரு லிட்டர் மால்ட் தண்ணியில ஈஸ்ட்டைப் போட்டு, பெருக்கி, பலமாக்கி, அப்புறம் பெரிய பாத்திரத்துல சேர்ப்பாங்க. அந்த ஒரு லிட்டர்தான் ஸ்டார்ட்டர்.

7.
ஸ்டிர் பிளேட் எதுக்கு? சும்மா வச்சா ஈஸ்ட் அடியில படிஞ்சு தூங்கிடும். குடுவைக்குள்ள டெஃப்லான் பூசின ஒரு காந்தக் குச்சியைப் போட்டு, கீழே இன்னொரு காந்தத்தைச் சுழல விட்டா, உள்ளே இருக்கிற குச்சியும் சுத்தும். ஈஸ்ட் மிதந்துகிட்டே இருக்கும். கரியமில வாயு வெளியேறும். கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போகும். சும்மா வச்ச ஸ்டார்ட்டரை விட இதுல செல்கள் கூடுதலா வளரும். இதெல்லாம் உண்மை. மறுக்கல.

8.
ஆய்வுக்கூடத்துல தினமும் பயன்படுற, அருமையான கருவி. அமெரிக்காவில் ஆர்தர் ரோசிங்கர் என்பவர் இதுக்கு 1944ல காப்புரிமை வாங்கினார். எந்த மருத்துவக் கல்லூரி உயிர்வேதியியல் லேப்ல போய்ப் பார்த்தாலும் ஒண்ணு முனகிக்கிட்டு இருக்கும். கருவி மேல எனக்குக் கோபம் இல்ல.

9.
என் கோபம் ரெண்டு பொய் மேல. முதல் பொய்: "ஸ்டிர் பிளேட் இல்லாம நல்ல பீர் வராது." இரண்டாவது பொய்: "ரெண்டு குட்டிக் காந்தம்தானே, என்ன ஆயிடப் போகுது?" முதல் பொய், தேவையில்லாதவன் வீட்டுக்குள்ள காந்தத்தைக் கொண்டு வருது. இரண்டாவது பொய், அதைப் பிள்ளை கைக்கு எட்டுற இடத்துல வைக்குது. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

10.
முதல் பொய். கணக்கு போடலாம். சாதாரண பலமுள்ள ஏல் வகை பீர், 20 லிட்டர். அதுக்குத் தேவையான ஈஸ்ட் சுமார் 18,000 கோடி செல்கள். புதுசா வாங்கின ஒரு திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் சுமார் 10,000 கோடி. பற்றாக்குறை 8,000 கோடி. கேட்கப் பயங்கரமா இருக்கும். ஆனா ஈஸ்ட் பெருகுறதே தொழிலா வச்சிருக்கிற உயிர். இந்தக் குறையை நிரப்ப அதுக்கு மோட்டார் தேவையில்லை.

11.
சுலபமான வழி: உலர் ஈஸ்ட். 11.5 கிராம் பாக்கெட் ஒண்ணு 20 லிட்டருக்குப் போதும்னு தயாரிக்கிறவங்களே சொல்றாங்க. காற்றோட்டத்தோட வளர்த்துக் காய வச்ச ஈஸ்ட் அது. தேவையான கொழுப்புச் சத்தை உடம்புல சேர்த்து வச்சுக்கிட்டுதான் பாக்கெட்டுக்குள்ள போகுது. அதுக்கு ஸ்டார்ட்டரே வேண்டாம். வெட்டு, கொட்டு, மூடு. அவ்வளவுதான்.

12.
"எனக்குத் திரவ ஈஸ்ட்தான் வேணும், அதுல தான் அந்த ருசி" என்பவர்களுக்கு: ரெண்டு பாக்கெட் வாங்குங்க. காசு கூடன்னு சொல்றீங்களா? கம்ப்யூட்டர் ஃபேன், காந்தம், ரெகுலேட்டர், கண்ணாடிக் குடுவை, காந்தக் குச்சி எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. எத்தனை பாக்கெட் ஈஸ்ட்டுன்னு நீங்களே சொல்லுங்க.

13.
மூணாவது வழி, குலுக்குற ஸ்டார்ட்டர். 100 கிராம் உலர் மால்ட், ஒரு லிட்டர் தண்ணி, பத்து நிமிஷம் கொதி, நல்லா ஆற விடுங்க. கிருமி நீக்கின நாலு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஊத்தி மூடி, கை வலிக்க ஒரு நிமிஷம் குலுக்குங்க. கேன் முழுக்க நுரை நிக்கணும். அந்த நுரைதான் ஆக்சிஜன். திறந்து ஈஸ்ட்டைச் சேர்த்து, மூடியை லேசா வச்சு விடுங்க. இறுக்கி மூடினா கரியமில வாயு அடைஞ்சு வெடிக்கும். கண்ணாடி ஜாடியைக் குலுக்கவே கூடாது. ஈரக் கையில வழுக்கி உடைஞ்சா தசைநார் அறுந்துடும்.

14.
மறுநாள் நுரை பொங்கி நிக்கும்போது அப்படியே பெரிய பாத்திரத்துல சேர்த்துடுங்க. அந்த நேரத்துல ஈஸ்ட் நல்ல துடிப்போட இருக்கும். மோர் குலுக்கத் தெரிஞ்ச கைக்கு இது ஒரு வேலையா?

15.
நாலாவது வழி, போன முறை தயாரிச்ச பீரின் அடியில் தங்கின ஈஸ்ட்டைச் சுத்தமா எடுத்து அடுத்த முறைக்குப் போடுறது. பெரிய ஆலைகளே தலைமுறை தலைமுறையா செய்ற வேலை. நம்ம வீட்ல பழைய மாவு ஒரு கரண்டி எடுத்து வைக்கிற மாதிரி.

16.
இங்கே அடிக்கடி ஒரு அறிவியல் வாதம் வரும். "சார், சுழற்றினா ஆக்சிஜன் கிடைக்கும். ஆக்சிஜன் கிடைச்சா ஈஸ்ட் சுவாசிக்கும், ஆல்கஹால் செய்யாது, வளர்ச்சி மட்டும்தான்." கேட்க நல்லா இருக்கு. மால்ட் தண்ணியில அப்படி நடக்காது. சர்க்கரை அதிகமா இருக்கிற இடத்துல இந்த ஈஸ்ட், ஆக்சிஜன் இருந்தாலும் நொதிக்கத்தான் செய்யும். கிராப்ட்ரீ விளைவுன்னு பேரு.

17.
அப்போ ஆக்சிஜன் எதுக்கு? செல்லின் சுவரை ஒட்டின சவ்வு செய்றதுக்கு. ஸ்டீரால், நிறைவுறாக் கொழுப்பு அமிலம் ரெண்டையும் தயாரிக்க ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் வேணும். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம், நல்லாக் குலுக்கினாலே கிடைச்சுடும்.

18.
வரலாறையும் பாருங்க. பாஸ்டர் பீர் கெட்டுப் போறதைப் பத்தி ஆராய்ஞ்சு புத்தகம் வெளியிட்டது 1876ல. எங்க மருத்துவத்துக்குக் கிருமிக் கோட்பாடு வந்த பாதையில அதுவும் ஒரு மைல்கல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லில் இருந்து தூய ஈஸ்ட் வளர்த்து ஆலைக்குக் கொடுத்தது 1883ல. காந்தக் கலக்கிக்குக் காப்புரிமை வர்றதுக்கு 60 வருஷம் முன்னாடி! அவங்களுக்குத் தேவைப்பட்டது சுத்தம், பொறுமை, நல்ல ஈஸ்ட்.

19.
ஸ்டிர் பிளேட் உதவுற இடமும் இருக்கு. பழைய ஈஸ்ட், ரொம்ப பலமான பீர், குளிர்ல நொதிக்கிற லாகர். லாகருக்கு ஈஸ்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பு வேணும். மாசம் ரெண்டு தரம் இதையே செய்றவர் வாங்கி வச்சுக்கட்டும். வருஷத்துக்கு நாலு தரம் சாதாரண ஏல் போடுறவருக்கு இது ஒரு பொம்மை. பெரியவங்க பொம்மை. அதுல தப்பில்ல. ஆனா பொம்மைன்னு ஒத்துக்கணும்.

20.
இப்போ இரண்டாவது பொய். இதுக்குத்தான் இத்தனை முன்னுரை.

21.
வீட்டில் செய்ற ஸ்டிர் பிளேட்டுக்கு எல்லாரும் வாங்குறது நியோடிமியம் காந்தம். 1980களில் கண்டுபிடிச்சது. நாம சின்ன வயசுல ஸ்பீக்கரை உடைச்சு எடுத்த கறுப்புக் காந்தத்தை விடப் பல மடங்கு பலம். சட்டைப் பொத்தான் அளவுல, வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். ஒண்ணு ரெண்டா விற்க மாட்டாங்க. பத்து, இருபதுன்னு அடுக்கா வரும். தேவை ரெண்டு. மிச்சம் எட்டு, பதினெட்டு. வீட்ல எங்கேயோ கிடக்கும்.

22.
ஒரு குழந்தை ஒரே ஒரு காந்தத்தை விழுங்கினா, பெரும்பாலும் காசு மாதிரி வெளியே வந்துடும். அதுக்கும் மருத்துவமனை போகணும், ஏன்னா ஒண்ணுதானான்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு விழுங்கினா கதையே வேற.

23.
சிறுகுடல் மடிப்பு மடிப்பா சுருண்டு கிடக்கு. முதல் காந்தம் ஒரு மடிப்புல இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு விழுங்கின இரண்டாவது, வேற மடிப்புல. ரெண்டும் பக்கத்துல வரும்போது, நடுவுல இருக்கிற ரெண்டு குடல் சுவரையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும். நகராது. விடாது. நசுங்கின இடத்துக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத சதை அழுகும். அழுகினா ஓட்டை. குடலில் இருக்கிற அழுக்கு வயித்துக்குள்ள கொட்டும்.

24.
இதுல கொடுமை என்னன்னா, முதல் சில மணி நேரம் பிள்ளை ஓடி ஆடி விளையாடும். அப்புறம் லேசா வயித்து வலி, ரெண்டு தரம் வாந்தி. அம்மா நினைப்பாங்க வெளிச் சாப்பாடு ஒத்துக்கலன்னு. விழுங்கினதை யாரும் பார்க்கலன்னா, மருத்துவருக்கே சந்தேகம் வராது. எங்களுக்குத் தெரிய வரும்போது குடலை வெட்டி எடுக்கிற நிலை வந்திருக்கலாம்.

25.
பயமுறுத்துறேன்னு சொன்னவங்களுக்கு எண்கள். இங்கிலாந்து தேசிய சுகாதார சேவை 2021 மே மாதம் எல்லா மருத்துவமனைகளுக்கும் இதுக்குன்னே அவசர எச்சரிக்கை அனுப்புச்சு. அதுக்கு முந்தைய மூணு வருஷத்துல குறைஞ்சது 65 குழந்தைகள் காந்தம் விழுங்கி அவசர அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தாங்க. அமெரிக்காவில் 2017 முதல் 2021 வரை வருஷத்துக்குச் சுமார் 2,400 பேர் காந்தம் விழுங்கி அவசரப் பிரிவுக்கு வந்திருக்காங்கன்னு அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுது.

26.
"அதெல்லாம் விளையாட்டுக் காந்தம் சார், உருண்டை உருண்டையா விற்பாங்களே, அது." ஆமா, பெரும்பாலும் அதுதான். குடலுக்கு வித்தியாசம் தெரியுமா? விளையாட்டுக் கடையில வாங்கினதா, ஸ்டிர் பிளேட்டுக்கு வாங்கினதான்னு குடல் பில் கேட்காது.

27.
சட்டத்திலேயே இங்க ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஆணையம் முதல்ல கொண்டு வந்த காந்த விதியை 2016ல ஒரு நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் விழுங்கின சம்பவங்கள் கூடினதால 2022ல புது விதி. அது பொழுதுபோக்குக்கும் நகைக்கும் விற்கிற காந்தத்துக்குப் பொருந்தும். "பட்டறை வேலைக்கு, கைவேலைக்கு" என்று விற்கிற வட்டக் காந்தம் அதுக்குள்ள வராது. அதே பலம், அதே அளவு. உறையில எழுதியிருக்கிற வார்த்தை மட்டும் வேற. அதைத்தான் நாம ஃபேன் மேல ஒட்டுறோம்.

28.
இப்போ என் கதை. பத்து காந்தம் வாங்கினேன். ரெண்டை ஃபேன்ல ஒட்டினேன். மிச்சம் எட்டை சமையலறை இழுப்பறையில ஒரு டப்பாவுல போட்டேன். குடுவையைச் சாய்க்கும்போது காந்தக் குச்சி பீருக்குள்ள விழாம இருக்க வெளியே இருந்து ஒரு காந்தத்தை ஒட்டிப் பிடிப்போம். அதை எடுத்து வேலை முடிஞ்சதும் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி விட்டுடுவேன். பில், பள்ளிக்கூட நோட்டீஸ், எல்லாம் அதுல தொங்கும். வசதியா இருந்துச்சு.

29.
ஒரு சனிக்கிழமை ராத்திரி. இழுப்பறை திறந்து கிடந்துச்சு. டப்பா கீழே. எண்ணினேன். ஃபிரிட்ஜ்ல இருந்ததையும் சேர்த்து ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறு. பக்கத்துல என் மூணு வயசு மகள், கையில ஒரு ஸ்பூன். "பாப்பா, அந்தக் குட்டியை வாயில போட்டியா?" தலையாட்டினா. "போடலியா?" அதுக்கும் தலையாட்டினா. மூணு வயசுக்கு எல்லாத்துக்கும் ஆமாதான்.

30.
அந்த ராத்திரி நான் டாக்டர் இல்ல, அப்பன். குழந்தையைத் தூக்கிக்கிட்டு நானே வேலை பார்க்கிற அவசரப் பிரிவுக்குப் போனேன். வரவேற்புல இருந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "இன்னிக்கு உங்களுக்கு ட்யூட்டி இல்லையே?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறின விதம் இன்னும் ஞாபகம் இருக்கு. எத்தனையோ பெற்றோர்கிட்ட "எப்படிங்க கவனிக்காம விட்டீங்க?" என்று மனசுக்குள்ள கேட்டிருக்கேன். அன்னிக்கு அந்தக் கேள்வி என் முன்னாடி வந்து உட்கார்ந்துச்சு.

31.
எக்ஸ்ரே. ஒட்டிக்கிட்ட ரெண்டு காந்தம் ஒரு கோணத்துல ஒண்ணு மாதிரி தெரியலாம். அதனால நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ஒண்ணும் இல்ல. வயிறு சுத்தம். என் மனைவி அப்போதான் அழ ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட ரெண்டு நாள் பேசல. பேசாதது நியாயம்.

32.
மூணாவது நாள் அந்த ரெண்டு காந்தமும் கிடைச்சுது. ஹால்ல இருக்கிற இரும்பு ரேடியேட்டருக்குப் பின்னாடி, ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு. அவ உயரத்துல. பல்லி மாதிரி. அன்னிக்கே ஸ்டிர் பிளேட்டைப் பிரிச்சு, பத்தையும் எண்ணி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய், பயிற்சி மருத்துவர்களுக்குக் காட்டுறதுக்குன்னு பூட்டின அலமாரியில வச்சேன். அதுக்கப்புறமும் பீர் போட்டேன். கேனைக் குலுக்கித்தான். ருசியில வித்தியாசம் சொன்னவர் யாரும் இல்ல.

33.
எனக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைப் பாதுகாப்பு ஏற்பாடுன்னு சொல்ல முடியாது. "எங்க வீட்ல இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல" என்று சொல்ற ஒவ்வொருத்தரும் என்னை மாதிரி அதிர்ஷ்டசாலிதான். எண்ணிப் பார்க்காததால அது அவங்களுக்குத் தெரியல.

34.
"வீட்ல கத்தி இருக்கு, மாத்திரை இருக்கு, பாத்ரூம் ஆசிட் இருக்கு. அதையும் தடை பண்ணுவீங்களா?" கத்தி வெட்டும்னு எல்லாருக்கும் தெரியும். மேல வைக்கிறோம். மாத்திரைக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி இருக்கு. காந்தத்தை நாம ஃபிரிட்ஜ்ல, பிள்ளை கைக்கு நேரா ஒட்டி, "பாரு, ஒட்டுது பாரு" என்று நாமளே விளையாட்டுக் காட்டுறோம். ஆபத்துன்னு தெரியாத பொருள்தான் எட்டுற இடத்துல இருக்கும்.

35.
"எங்க வீட்ல குழந்தையே இல்ல சார்." நல்லது. பீர் யார் கூட உட்கார்ந்து குடிக்கிறீங்க? அவங்க பிள்ளைங்க அப்போ எங்க ஓடுது? இன்னொண்ணு, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்குவாங்க. பேஸ்மேக்கர் வச்சவங்க யாராவது இருந்தா, பலமான காந்தம் அதன் இயக்கத்தை மாற்றும். மார்புல இருந்து குறைஞ்சது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். சட்டைப் பையில போட்டுக்கிட்டா அது நடக்குமா?

36.
கட்டாயம் ஸ்டிர் பிளேட் வேணும்னா: காந்தம் உள்ளே மூடி முத்திரை வச்ச, கடையில கிடைக்கிற கருவியை வாங்குங்க. வீட்ல தனிக் காந்தமே இருக்கக் கூடாது. காந்தக் குச்சி ஒண்ணு போதும். வேலை முடிஞ்சதும் கழுவி, பூட்டுற டப்பாவுல, உயரத்துல. அதுவும் காந்தம்தான், மறக்காதீங்க. ஃபிரிட்ஜ்ல எதையும் ஒட்டாதீங்க. ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கிறவங்க, பசை விட்டுப் போச்சான்னு பாருங்க. சுழலுற ஃபேன்ல பசை விடும்.

37.
பிள்ளை காந்தம் விழுங்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தா, சந்தேகமே போதும், கிளம்புங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம் கொடுத்தா வழுக்கிட்டு வந்துடும்னு பாட்டி சொல்வாங்க, கொடுக்காதீங்க. மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால மருத்துவர் பார்க்கிற வரை வயிறு காலியா இருக்கட்டும். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையும் இருக்கிற மருத்துவமனைக்கு நேரா போங்க.

38.
அங்கே போனதும் முதல் வார்த்தையா "காந்தம்" என்று சொல்லுங்க. "ஏதோ இரும்பு" என்று சொல்லாதீங்க. எத்தனை காணோம், எப்போ இருந்து காணோம்னு சொல்லுங்க. எம்ஆர்ஐ ஸ்கேன் பக்கமே போகக் கூடாது. காந்தம் இரைப்பையில இருக்கும்போதே வந்துட்டா, பல நேரம் வாய் வழியா எண்டோஸ்கோப்பி விட்டு எடுத்துடலாம். குடலுக்குள்ள இறங்கிட்டா வேலை கஷ்டம். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது சில மணி நேரம்தான்.

39.
சிரிப்பு பொம்மை போட்ட தம்பிகளே, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நானும் அந்த வயசுல, அந்த உற்சாகத்துல, அதையேதான் செஞ்சேன். ஆனா இந்த மாதிரி படம் போடுறவங்க, வீடியோ எடுக்கிறவங்க, ரெகுலேட்டரை எப்படி இணைக்கணும்னு பத்து நிமிஷம் சொல்றீங்க. மிச்சக் காந்தத்தை என்ன பண்ணணும்னு பத்து நொடி சொல்ல முடியாதா? அதைச் சொல்லாத வரைக்கும் அந்த வீடியோ அரைகுறைதான்.

40.
இன்னிக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வீட்ல இருக்கிற காந்தம் எல்லாத்தையும் எடுத்து மேஜையில வையுங்க. ஸ்டிர் பிளேட்டுக்கு வாங்கினது, பொம்மையில இருந்து கழண்டது, ஃபிரிட்ஜ்ல ஒட்டினது, எல்லாம். வாங்கினது எத்தனை, இருக்கிறது எத்தனைன்னு எண்ணுங்க. கணக்கு சரியா இருந்தா நிம்மதியா தூங்குங்க. ரெண்டு குறைஞ்சா, முதல்ல பிள்ளையைப் பாருங்க. ரேடியேட்டரை அப்புறம் தேடலாம்.

41.
அந்த முதல் படத்தைப் போட்ட தம்பி நேத்து தனியா மெசேஜ் பண்ணினார். "எண்ணிட்டேன் டாக்டர். பதினெட்டும் இருக்கு. டப்பாவைப் பூட்டி மாடியில வச்சுட்டேன். அடுத்த தடவை உலர் ஈஸ்ட்தான்." இந்த இழைக்கு இதுக்கு மேல எனக்கு வேற லைக் வேண்டாம். உங்க குழுவிலும் பகிருங்க.